அந்தோணிக்கு டிவி பழக்கினோம்

அந்தோணி எங்கள் கிரெச்சுக்கு வந்த முதல் நாள் அவன் அழுதது வெளியில் யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடி ரூம் அப்படி. லைனில் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பொடியன் வாயைத் திறந்து திறந்து மூடுவது மட்டும்தான் தெரிந்திருக்கும். உள்ளே இருந்த எனக்குத்தான் காது அடைத்துப்போனது. கூட இருந்த மற்ற மூன்று குழந்தைகளும் கொஞ்ச நேரம் அவனை வேடிக்கை பார்த்துவிட்டு, நமக்கும் அழ ஏதாவது இருக்குமோ என்று யோசித்து, அவர்களும் ஆரம்பித்தார்கள்.

பனியன் கம்பெனி கிரெச்சுகளில் இப்போது வேலைக்குச் சேரும் பெண்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "நீங்க எப்படிங்கக்கா சமாளிச்சீங்க?" நான் சமாளித்தேன் என்று இவர்களுக்கு யார் சொன்னது? தட்டுத் தடுமாறித்தான் காலம் போனது. இருந்தாலும் அந்தோணியின் கதையைச் சொன்னால் உபயோகப்படும் என்று நினைக்கிறேன். சின்னக் குழந்தைக்கு டிவி காட்டுவது ஒரு வேலை, அதற்கும் ஆள் வேண்டும் என்பது எனக்குத் தெரியவந்தது அவனால்தான்.

கண்ணாடி ரூம்

நான் கல்யாணமான புதிதில் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தவள். தைத்து வரும் பனியனை டியூப் லைட் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று குறை கண்டுபிடிக்கிற வேலை. வருடக்கணக்கில் குறையையே தேடித் தேடி என் முகமும் அதற்குத் தகுந்தாற்போல் ஆகிவிட்டது. "சரசக்கா சிரிச்சாங்கன்னா அந்த ஷிப்மென்ட் திரும்பி வந்துருமுங்க" என்று என் காதுபடவே கேலி பேசுவார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை.

கண் கொஞ்சம் மங்க ஆரம்பித்ததும் மேனேஜர் கூப்பிட்டார். முதலாளியின் மச்சான்தான் மேனேஜர். மணி என்று பேர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட். அவர் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை.

"சரசக்கா, இனிமே உங்களுக்குச் சும்மா உக்காந்து பாக்கற வேலைங்க. கிரெச்சைப் பாத்துக்கங்க."

சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொன்ன அந்த வாயை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் வாங்க வேண்டுமானால் கம்பெனியைச் சோதித்துப் பார்க்கிற ஆடிட்டில் பாஸாக வேண்டும். ஆடிட்டில் பாஸாக, வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்கு கிரெச் இருக்க வேண்டும். அதனால் தையல் செக்‌ஷனின் ஒரு பக்கச் சுவரோரமாகவே ரூம் கட்டிவிட்டார்கள். ஆடிட்டர் உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட வேண்டும் என்று மூன்று பக்கமும் கண்ணாடி. பஞ்சும் சத்தமும் குழந்தைகளுக்கு ஆகாது என்பதால் நல்ல கனமான கண்ணாடி. ஏசியும் போட்டார்கள். பொம்மைகள் எல்லாம் மேல் ஷெல்ஃபில், பிளாஸ்டிக் கவரோடு. "கவரைப் பிரிச்சராதீங்க, ஆடிட்டுக்குப் புதுசா இருக்கோணும்" என்பது மேனேஜரின் உத்தரவு. குழந்தைகள் நூல் சுற்றி வரும் அட்டைக் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளையாடின. கவரில் இருந்த கரடிப் பொம்மையைவிட அதில்தான் அவர்களுக்குக் குஷி.

இந்த ரூமுக்குத்தான் இரண்டு வயது அந்தோணி வந்தான்.

அவன் அம்மா ஜெயசீலி, தூத்துக்குடிப் பக்கம். துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. அதுவரை அந்தோணியைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயசீலியின் தங்கை கல்யாணமாகிப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

கண்ணாடி வழியாக அவனுக்கு அம்மா தெரிந்தாள். அதுதான் வினை. அம்மா அங்கே இருக்கிறாள், கூப்பிட்டால் கேட்கவில்லை, கண்ணாடியைத் தட்டினாலும் திரும்பவில்லை. ஒரு குழந்தைக்கு இதைவிடக் கொடுமை உண்டா? தப்பித்தவறித் திரும்பிவிட்டால் அவளால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து ஓடி வருவாள். லைனில் ஓவர்லாக்தான் முதலில். அவள் எழுந்தால் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் பீஸ் வராது. சூப்பர்வைசர் கத்துவார். கடைசியில் அவள் மிஷினையே திருப்பிப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தோணிக்கு அம்மாவின் முதுகு தெரிந்தது. முதுகைப் பார்த்து அழுதான்.

மேனேஜர் என்னிடம் வந்தார். "அந்தப் பையன் அடங்கலீன்னா நான் என்னங்க பண்றது? ஒருத்திக்காக லைனை நிறுத்த முடியுங்களா? ஆடிட் வேற வருது."

அன்று சாயந்திரம் ஜெயசீலி பிள்ளையைத் தூக்க வந்தபோது கண் வீங்கியிருந்தது.

"எக்கா, எங்க அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். மதினி பாத்துக்கிடுவா. இங்கன வச்சிருந்தா என் வேலையும் போயிரும், இவன் தொண்டையும் போயிரும்."

எங்கள் லைனிலேயே அப்படிப் பிள்ளையை ஊருக்கு அனுப்பியவர்கள் இருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை பண்டிகைக்கு ஊருக்குப் போவார்கள். பிள்ளை இவர்களைக் கண்டதும் அத்தை முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அடையாளம் தெரிந்து மடியில் வந்து உட்காரும்போது லீவு முடிந்திருக்கும். திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்து அவர்கள் மூக்கை உறிஞ்சுவதை நான் செக்கிங் டேபிளில் இருந்தே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜெயசீலிக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

டிவி வந்தது

அப்போது குழந்தைகளுக்கென்றே தனி சேனல் வந்துவிட்டிருந்தது. எங்கள் வீதியில் சோறு ஊட்டுகிற தாய்மார்கள் எல்லாம் டிவி முன்னால்தான். "அதைப் போட்டுட்டா பொடுசுக கம்முனு உக்காந்துக்குமுங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் மேனேஜரிடம் போய் ஒரு டிவி வேண்டும் என்றேன். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம், ஆடிட்டர் பார்த்தால் நல்லதுதான் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கெஸ்ட் ஹவுஸில் கிடந்த பழைய பெரிய டிவியை இரண்டு பேர் தூக்கிவந்து வைத்தார்கள். எலக்ட்ரீஷியன் பக்கத்து வீதியிலிருந்து கேபிள் இழுத்துக் கொடுத்தார்.

ஒரு வாத்தும் ஒரு கரடியும் வருகிற நிகழ்ச்சி. தமிழில் பேசும். வாத்து எதையாவது தூக்கிக்கொண்டு ஓடும், வழுக்கி விழும். கரடி வந்து தூக்கிவிடும். அவ்வளவுதான் கதை. மற்ற மூன்று குழந்தைகளும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டன. இவர்களுக்கு வீட்டில் ஏற்கெனவே பழக்கம்.

அந்தோணி அந்த வாத்தைப் பார்த்த முதல் பார்வையிலேயே வீறிட்டான். அதுவரை அழுதது அழுகையே இல்லை. இதுதான் அழுகை. நான் சத்தம் பத்தவில்லையோ என்று வால்யூமைக் கூட்டினேன். முகத்தைப் பிடித்துத் திருப்பி, "பாரு கண்ணு, வாத்து பாரு" என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடின கண்ணிலிருந்தும் தண்ணீர் வருகிறது. டிவி பக்கமே போகாமல் சுவரோரம் ஒட்டிக்கொண்டான். மேனேஜர் வெளியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு தப்பு இருந்தது. பனியன் துணி பின்னுகிற நிட்டிங்கில் ஒரே ஆள் பல மிஷினைப் பார்த்துக்கொள்வார். ஒன்றை ஓடவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். நின்றால் மட்டும்தான் திரும்பி வருவார். ஓடுகிற மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தால் "உனக்கு வேற சோலி இல்லையா?" என்று கேட்கிற ஊர் இது. டிவியையும் நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். ஸ்விட்சைப் போட்டாயிற்று, ஓடுகிறது, இனி அது பார்த்துக்கொள்ளும். நான் அந்த நேரத்தில் ரூமின் மூலையில் இருந்த அடுப்பில் பால் காய்ச்சப் போய்விடுவேன்.

புள்ளி

கரண்ட் கட் ஆரம்பித்திருந்த காலம் அது. பகலில் நினைத்த நேரத்துக்குப் போகும். கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு, எங்களுக்கு லைட்டும் டிவியும் திரும்ப வந்துவிடும். கேபிள்காரருக்கு ஜெனரேட்டர் கிடையாது. அதனால் வாத்து போய்விடும். டிவியில் முழுக்கப் புள்ளி புள்ளியாய்க் கொதிக்கும். 'உஸ்ஸ்ஸ்' என்று விடாமல் ஒரு சத்தம் வரும்.

டிவி வந்த மறுநாள் அப்படி ஆனது. மற்ற மூன்றும் "வாத்து, வாத்து" என்று கத்தின. நான் டிவியை அணைக்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், ரூமில் ஏதோ குறைகிறது. அந்தோணி அழுகையை நிறுத்தியிருந்தான்.

சுவரோரத்திலிருந்து மெல்ல எழுந்து வந்தான். டிவி முன்னால் நின்றான். டிவியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். அப்படியே கீழே உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் டிவி ஸ்டாண்டின்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். அங்கே வந்ததிலிருந்து அவன் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மூச்சுவிடப் பயந்துகொண்டு நின்றேன்.

கரண்ட் வந்தது, வாத்து வந்தது, அவன் எழுந்து வீறிட்டான். மறுநாளும் இதே கூத்து. அதற்குமேல் எனக்கென்ன தயக்கம்? மற்ற குழந்தைகள் தூங்குகிற நேரமாகப் பார்த்துக் கேபிள் வயரை நானே பிடுங்கிவிட்டேன். புள்ளி வந்தது. அந்தோணியும் வந்தான்.

ஜெயசீலியிடம் சொன்னேன். "ஏம்புள்ள, உன்ற பையனுக்கு வாத்து வேண்டாமா, புள்ளிதான் வேணுமா? இதென்ன அதிசயம்?"

அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். பிறகு, "எக்கா, எங்க வீட்டுக்கு அடுத்த செவரு நிட்டிங்கு. ராப்பகலா ஓடும். இவன் பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்துலதான் தூங்குதான். கரண்டு போயி மிஷினு நின்னுட்டுன்னா முழிச்சிக்கிட்டு அழுவான். நாங்க புழுக்கத்துலதான் அழுதாம்னு விசிறிக்கிட்டுக் கெடப்போம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சத்தம் குழந்தைக்கு ஆகாது என்று கனமான கண்ணாடி போட்டு மூடி வைத்திருக்கிறோம். பிறந்தது முதல் மிஷின் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அந்த அமைதிதான் பயம். எல்லாம் நின்றுபோன ஒரு இடத்தில் தன்னை விட்டுவிட்டார்கள் என்று அவன் நினைத்திருப்பான். அதில் திடீர் திடீரென்று ஒரு வாத்து வேறு கத்தினால்?

புள்ளியைக் காட்டித் தூங்க வைப்பது என்று நான் முடிவுக்கு வந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். பார்த்தால், டிவி முழுக்கப் புள்ளி, அதன் முன்னால் ஒரு குழந்தை பக்தியாக உட்கார்ந்திருக்கிறது.

"என்னுங்க இது? கெட்டுப்போன டிவிய வெச்சுக் கொழந்தைகளை ஏமாத்தறோம்னு ஆடிட்டர் எழுதீட்டுப் போறதுக்கா? வெள்ளிக்கிழமை வர்றாங்க. பகல்ல கொழந்தைக ப்ரோக்ராம்தான் ஓடோணும். வயரைக் கழட்டுனீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வந்துருமுங்க."

"அவன் அழுவானுங்களே?"

"அழாம பாத்துக்கறதுக்குத்தானுங்க உங்களை வெச்சிருக்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வெள்ளைச் சட்டையில் ஒரு கை மசியைத் தடவியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு வயரை மாட்டினேன்.

ஜெயசீலி சிரித்தது

டீ பிரேக் நேரத்தில் ஜெயசீலி எப்போதும் கண்ணாடிக்கு வெளியில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பிள்ளையைப் பார்ப்பாள். அவன் பார்த்துவிட்டால் அழுவானே என்று உள்ளே வர மாட்டாள். அன்று டீ கிளாஸோடு நேராக உள்ளே வந்துவிட்டாள்.

"எக்கா, அண்ணன் டிக்கெட் போட்டுட்டானாம்" என்று சொல்லிவிட்டுத் தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். அந்தோணி ஓடிவந்து மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினான். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து குனிந்து தைத்த அலுப்பு. வெறுமனே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவியில் வாத்து ஒரு தர்பூசணிப் பழத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு படியில் ஏறியது. கடைசிப் படியில் கால் வழுக்கியது. பழம் முன்னால் உருள, வாத்து பின்னால் உருள, கீழே நின்ற கரடியின்மேல் இரண்டும் போய் மோதின.

ஜெயசீலி சிரித்துவிட்டாள். லேசாக ஒன்றும் இல்லை. டீ மூக்கில் ஏறி இருமுகிற சிரிப்பு. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "ஏ மக்கா, வாத்தப் பாருல! கோட்டிக்கார வாத்து! ஒன்னால முடியாதுன்னா கீழ வைய்ய வேண்டியதுதானல!" என்று டிவியிடமே சண்டைக்குப் போனாள்.

அந்தோணி விசும்பலை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். திரும்பி வாத்தைப் பார்த்தான். மறுபடி அம்மா முகம். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாத்து எழுந்து தலையை உதறியது. அந்தோணி மெதுவாக, சரியாகத்தான் செய்கிறோமா என்கிற சந்தேகத்தோடு, "ஹெ" என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. அதைப் பார்த்தபோது என் மனதில் இருந்த பாரம் இறங்கியது. இந்தப் பையனுக்கு டிவியில் எதைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. வாத்து விழுகிறது. அது ஆபத்தா, வேடிக்கையா? யார் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்? என் முகத்தையா? என் முகம் எங்கே இருந்தது, பால் சட்டியில் அல்லவா இருந்தது!

பெல் அடித்து ஜெயசீலி போனதும் நான் பாலை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாத்து விழுந்தது. அந்தோணி என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்துப் பழக்கம் இருந்தால்தானே வரும்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். "கண்ணு, அந்தக் கரடி போட்டிருக்கற பனியனைப் பாரு. கழுத்துல ரிப்புப் பட்டி இல்ல. கை ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டை. இந்தப் பீஸை எவன் செக் பண்ணி அனுப்புனான்? ரிஜெக்ட்!" என்று தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அந்தோணி உடம்பே குலுங்கச் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே லைனில் பாதிப் பேர் தைப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஷிப்மென்ட் திரும்பிவிடும் என்று பயந்திருப்பார்கள்.

அதன் பிறகு வாத்து வரும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன். டீ பிரேக்கில் ஜெயசீலி இருந்தாள். அவள் எழுந்து போகும்போது முதல் நாள் அழுதான், மறுநாள் சிணுங்கினான், அதற்கும் அடுத்த நாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டி டாட்டா காட்டினான். ஜெயசீலிக்கு அதில் சந்தோஷம் ஒரு பங்கு, வருத்தம் ஒரு பங்கு. தாய் மனசு அப்படித்தான். மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் மேனேஜர் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து நான் வயரைக் கழற்றினேன். அதை நான் கடைசிவரை விடவில்லை.

ஆடிட்

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் வந்தார். சென்னைக்காரப் பெண்மணி. கதவைத் திறந்து உள்ளே வந்தார், பின்னாலேயே மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு. பொம்மைக் கவர்களை அன்று காலையில்தான் பிரித்துப் பரப்பியிருந்தோம். குழந்தைகள் ஒன்றுகூட அவற்றைத் தொடவில்லை, கோன்களோடு உட்கார்ந்திருந்தன. டிவியில் வாத்து ஓடியது.

"குழந்தைங்க எவ்வளவு நேரம்மா டிவி பார்க்கிறாங்க?"

"நான் பக்கத்துல உக்கார முடியற அளவுக்குத்தானுங்க" என்றேன். அது ஆடிட்டுக்காகத் தயார் செய்த பதில் இல்லை. உண்மை.

அவர் அடுத்த கேள்வி கேட்க, நான் பதில் சொல்ல, அந்த நேரத்தில் வாத்து விழுந்தது. அந்தோணி திரும்பி என்னைத் தேடினான். நான் ஆடிட்டருக்கு அடுப்படியைக் காட்டிக்கொண்டிருந்தேன். ரூமில் இருந்த இன்னொரு பெரிய ஆள் மேனேஜர்தான். அந்தோணி நேராகப் போய் அந்த மடிப்புக் கலையாத பேண்டைப் பிடித்து இழுத்தான். டிவியைக் கை காட்டினான். மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னுங்க வேணும் இவனுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க சிரிக்கோணுமாமுங்க."

"நானா?"

"வாத்து விழுந்துருச்சுங்க. நீங்க சிரிக்கலீன்னா அவன் பயந்துக்குவான். பயந்தான்னா அழுவான்."

ஆடிட்டர் பேனாவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் உதட்டை லேசாக விரித்தார். அந்தோணி அதை ஒத்துக்கொள்ளவில்லை. உதடு பிதுங்க ஆரம்பித்தது. மேனேஜர் பதறிப்போய் அப்படியே தரையில் குந்தினார். "வாத்து... பொத்துன்னு விழுந்துருச்சுங்களா சாமி? ஆமாங்கோ!" என்று சொல்லி, எங்கிருந்துதான் வந்ததோ, கிணற்றுக்குள் வாளி விழுந்தாற்போல் 'ஹோ'வென்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தோணி கைதட்டினான். மற்ற மூன்றும் தட்டின. ஆடிட்டர் அம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கிரெச்சுக்குப் பாஸ். போகும்போது மேனேஜர் என்னிடம், "அடுத்த ஆடிட்டுக்குள்ள இன்னும் பெரிய டிவியா வாங்கிரலாமுங்களா?" என்று கேட்டார்.

"டிவி இது போதுமுங்க. பக்கத்துல உக்கார இன்னொரு ஆளைக் குடுங்க. நாலு பேர் மூஞ்சியையும் நான் ஒருத்தியே பாக்க முடியறதில்லீங்க."

அடுத்த மாதம் ஒரு பெண்ணைப் போட்டார். பொம்மைக் கவரைத் திரும்ப மாட்டச் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை

அந்த வெற்றியில் எனக்கு முழுச் சந்தோஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. டிக்கெட் போட்ட அண்ணன் வந்தே தீருவான். சனிக்கிழமை சாயந்திரம் ஜெயசீலியிடம், "இப்பத்தான் பழகிட்டானேடி, வெச்சுக்கயேன்" என்று கேட்டேன். "ஊர்ல எல்லாரும் பேசி முடிச்சிட்டாவக்கா. அண்ணன் சொல்லுக்கு எதுத்து நான் எப்படிப் பேச?" என்றாள். அந்தோணி என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனான். ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அப்படி இருந்ததில்லை, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் பெல் அடித்தது. லைன் ஓட ஆரம்பித்தது. ஓவர்லாக் மிஷினில் ஜெயசீலி இல்லை. சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார். சரி, பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு அழுதுகொண்டு வீட்டில் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். மற்ற மூன்று குழந்தைகளுக்கும் டிவியைப் போட மனம் வரவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. ஜெயசீலி, மூச்சு வாங்க. இடுப்பில் அந்தோணி.

"லேட்டாயிட்டுக்கா, அண்ணன இப்பதான் பஸ் ஏத்திவிட்டுட்டு வாரேன்."

"இவனை விட்டுட்டா போனான்?"

"நேத்து அண்ணன் வந்து உக்காந்த ஒடனே இவன் அவன் கையப் புடிச்சி இழுத்துட்டுப் போயி டிவி முன்னால உக்கார வச்சுட்டான். எங்க வீட்டுக்காரரு ஷிப்ட் முடிச்சித் தூங்குவாருன்னு நாங்க போடாமலே வச்சிருந்த டிவி. வாத்து விழுந்தா அண்ணன் மூஞ்சியப் பாக்கான். அண்ணன் சிரிச்சான். அடுத்தது எம் மூஞ்சி. பெறவு எங்க வீட்டுக்காரர எழுப்பி உக்கார வச்சான். சாயங்காலம் வர மூணு பேரையும் எந்திரிக்க விடல. நாங்க மூணு பேரும் இப்படி ஒண்ணா உக்காந்து சிரிச்சி எத்தன வருசமாச்சின்னு அண்ணன் கேட்டான். ராத்திரி இவன் துணிப்பையத் தூக்குனேன். அண்ணன் வாங்கித் திரும்ப ஆணியில மாட்டிட்டான். 'இவன் உங்க மூஞ்சியத் தேடுவாம்மா. நான் எங்கன போயி அதக் காட்ட?' அப்படின்னுட்டான்."

அந்தோணியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் மிஷினுக்கு ஓடினாள். நான் அழுதேன். அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இனிமேல் இந்த ரூமில் என் முகம் என்ன செய்கிறதோ அதைத்தான் இவன் செய்வான் என்பது அப்போது உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை மடியில் வைத்து டிவியைப் போட்டேன்.

கிரெச்சுக்கு வேலைக்கு வரும் பெண்களே, டிவியைப் போடுங்கள், தப்பில்லை. போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.